பட்டன் செல்லும் பறக்கிற விமானமும்

காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஸ்டாக் கன்ட்ரோல் என்று ஒரு பாடம் வரும். காமர்ஸ் படித்தவர்கள் யாரும் அதிலிருந்து தப்பியிருக்க முடியாது. அதில் ஏ.பி.சி. அனாலிசிஸ் என்று ஒரு கேள்வி. விலை அதிகமான சரக்கு ஏ, நடுத்தரம் பி, சில்லறைச் சாமான் எல்லாம் சி. ஏ வகைக்குப் பூட்டு உண்டு, கையெழுத்து உண்டு, அடிக்கடி எண்ணிப் பார்ப்பது உண்டு. சி வகைக்கு ஒரு டப்பா போதும். தீர்ந்தால் வாங்கிக்கொள்ளலாம்.

அதே பாடத்தில் கொஞ்சம் தள்ளி வி.இ.டி. அனாலிசிஸ் என்று இன்னொன்று வரும். வைட்டல், எசென்ஷியல், டிசையரபிள். இங்கே விலையைப் பார்ப்பதில்லை. அந்தச் சாமான் இல்லாவிட்டால் வேலை நின்றுபோகுமா என்று மட்டும்தான் பார்ப்பது. பெரும்பாலானவர்கள் இரண்டையும் மனப்பாடம் செய்து, எழுதி, மறந்துவிடுவார்கள்.

இப்போது ஒரு கேள்வி. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பேட்டரி. கடைகளில் பட்டன் செல் என்பார்கள். ஒரு சாப்பாட்டு விலைகூட வராது. அது விமானத்தில் வழிகாட்டும் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. இது ஏ.பி.சி.யில் எங்கே வரும்? வி.இ.டி.யில் எங்கே வரும்?

முதல் பட்டியலில் கடைசி, இரண்டாவது பட்டியலில் முதல். இரண்டு பட்டியலும் எதிரெதிராக நிற்கும் சாமான்களில்தான் சிக்கல் எல்லாம் வருகிறது. இந்தக் கட்டுரை அந்தச் சின்னப் பேட்டரியைப் பற்றியது.

விமானம் எல்லாம் தூரத்து விஷயம் என்று நினைக்க வேண்டாம். வீட்டிலோ கடையிலோ இருக்கும் பழைய கம்ப்யூட்டரிலும் இதே பேட்டரி இருக்கிறது. காலையில் ஆன் செய்தால் தேதி பல வருஷம் பின்னால் போயிருக்கும். பிரவுசரைத் திறந்தால் இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்று பயமுறுத்தும். தேதி தப்பாக இருப்பதால், வெப்சைட்டின் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவே ஆரம்பிக்கவில்லை என்று அது நினைத்துக்கொள்கிறது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே "பேட்டரி போயிருச்சு" என்பார். மதர்போர்டில் வட்டமாக மின்னும் அந்த சி.ஆர். 2032 தான் ஆள்.

பெயரிலேயே அதன் அளவு இருக்கிறது. 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 3 வோல்ட். கொள்ளளவு ஏறக்குறைய 220 மில்லி ஆம்பியர் மணி. இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். கடிகாரத்தையும் கொஞ்சம் நினைவகத்தையும் காப்பாற்ற 2 மைக்ரோ ஆம்பியர் மின்சாரம் போதும் என்று வைத்துக்கொண்டால், 220-ஐ 0.002-ஆல் வகுக்க வேண்டும். 1,10,000 மணி நேரம். அதாவது பன்னிரண்டரை வருஷம்! பழசாகிப்போன சர்க்யூட்டில் கசிவு ஏற்பட்டு அது 10 மைக்ரோ ஆம்பியர் ஆனால் இரண்டரை வருஷத்தில் தீர்ந்துவிடும். சூடும் சேர்ந்தால் அதற்கும் முன்னாலேயே.

எதற்காக இந்தப் பேட்டரி? மின்சாரம் போனதும் மறந்துவிடும் வகை நினைவகம் ஒன்று உண்டு. அதற்குத் தொடர்ந்து ஒரு சொட்டு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருந்தால் மறக்காது. 1984-ல் ஐ.பி.எம். வெளியிட்ட பி.சி. ஏ.டி. கம்ப்யூட்டரில் கடிகாரத்துக்கும் செட்டிங்குகளுக்கும் சேர்த்து வெறும் 64 பைட் நினைவகம்தான் பேட்டரியில் ஓடியது. 64 எழுத்து. ஒரு வாக்கியம்கூட முழுசாக எழுத முடியாது. அது போனால் தன்னிடம் எந்த ஹார்ட் டிஸ்க் இருக்கிறது என்றுகூட அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

அதே காலத்தில்தான் சிறிய விமானங்களின் வழிகாட்டும் கருவிகளும் டிஜிட்டலுக்கு மாறின. விமானி தனக்கு வேண்டிய இடங்களைப் பதித்து வைக்கலாம். ஜி.பி.எஸ். வந்த பிறகு இது இன்னும் பெருகியது. 1990-களில் சிறு விமானங்களில் பரவலாக மாட்டப்பட்ட பெண்டிக்ஸ் கிங் கே.எல்.என். வரிசைப் பெட்டிகள் இதற்கு நல்ல உதாரணம். உள்ளே ஒரு லித்தியம் பேட்டரி. அது தீரப்போகும்போது, சர்வீஸ் செய்யாவிட்டால் நீங்கள் பதித்து வைத்தவை அழிந்துபோகலாம் என்ற பொருளில் திரையில் ஓர் எச்சரிக்கை வரும்.

அந்தப் பேட்டரி காப்பாற்றுவது என்னென்ன? விமானி கைப்பட உள்ளிட்ட இடங்கள், போகும் பாதைகள், நேரம், கடைசியாக நின்ற இடம், அப்புறம் அல்மனாக். அல்மனாக் என்பது எந்தச் செயற்கைக்கோள் வானத்தில் எங்கே இருக்கும் என்ற பஞ்சாங்கம் மாதிரி.

இந்தப் பஞ்சாங்கம் தொலைந்தால் திரும்ப வானத்திலிருந்துதான் வாங்க வேண்டும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இதை நொடிக்கு 50 பிட் வேகத்தில் அனுப்புகின்றன. முழுச் செய்தி 37,500 பிட். வகுத்தால் 750 நொடி. பன்னிரண்டரை நிமிஷம்! இது எதுவும் கையில் இல்லாமல் ஆரம்பிப்பதைக் கோல்ட் ஸ்டார்ட் என்கிறார்கள். பழைய பெட்டிகளுக்கு இந்த நிலையில் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிவதற்குப் பல நிமிஷம் பிடிக்கும்.

செல்போனில் ஒரு நொடியில் வந்துவிடுகிறதே என்று கேட்கலாம். செல்போனுக்கு இந்தப் பஞ்சாங்கத்தை டவர் வழியாக இன்டர்நெட் கொடுத்துவிடுகிறது. கூடலூரிலிருந்து லோயர் கேம்ப் தாண்டி குமுளி மலைப்பாதையில் ஏறும்போது, டவர் கிடைக்காத வளைவில் போனை ஆஃப் செய்து ஆன் செய்து பாருங்கள். மேப்பில் நீலப் புள்ளி வர எவ்வளவு நேரமாகிறது என்று கவனித்தால் புரியும். பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பொழுதுபோக்கு. காக்பிட்டில் இருப்பவருக்கு அப்படி இல்லை.

இந்த மலைக்கும் விமானத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல முடியாது. மலைக்கு அந்தப் பக்கம், வண்டிப்பெரியாறை அடுத்த சத்திரத்தில் என்.சி.சி. மாணவர்களுக்காக ஒரு சின்ன ஓடுதளம் இருக்கிறது. ஏற்கெனவே சில முயற்சிகள் கைகூடாமல் போன பிறகு, 2022 டிசம்பர் 1 அன்று வைரஸ் எஸ்.டபிள்யூ. 80 என்ற குட்டி விமானம் முதல் முறையாக அங்கே இறங்கியது. இந்தப் பக்கம் தேனி மாவட்டத்தில், 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியபோது மீட்புக்கு விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. புகையும் மேகமும் சூழ்ந்த மலைச்சரிவில் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கூடலூர்க்காரப் பையன் ஒருவன் இந்தத் துறையில்தான் இருக்கிறான். பிளஸ் டூ முடித்து, விமானப் பராமரிப்புப் படிப்பு படித்து, விமானத்தின் எலக்ட்ரானிக்ஸ் பகுதியில் கையெழுத்துப் போடும் பி2 லைசென்ஸ் வாங்கினான். வடக்கே ஒரு ஃப்ளையிங் கிளப்பில் வேலை. அங்கே இருந்த பயிற்சி விமானம் ஒன்றில் பழைய ஜி.பி.எஸ். பெட்டி. ஒருநாள் காலையில் ஆன் செய்தால் பேட்டரி எச்சரிக்கை வந்தது. மறுநாள் வரவில்லை. எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டியது.

அன்றைக்கு ஒரு மாணவன் முதல் முறையாகத் தனியாக வேறு ஊருக்குப் பறந்துபோய்த் திரும்ப வேண்டிய நாள். வழிகாட்ட ரேடியோ கருவி உண்டு, காகித வரைபடமும் உண்டு. பகல் நேரம், நல்ல வானிலை. சட்டப்படி அந்த ஜி.பி.எஸ். இல்லாமலேயே பறக்கலாம். அதனால் பயிற்றுநர் சொன்னது, "இன்னைக்குத்தான் வேலை செய்யுதே, விடுங்க."

இவன் விடவில்லை. லாக் புக்கில் குறை எழுதினான். பெட்டியை ஆஃப் செய்தான். அதன் மேல் 'வேலை செய்யவில்லை' என்ற ஸ்டிக்கரை ஒட்டினான். விமானம் போகலாம், இந்தப் பெட்டியை யாரும் தொடக்கூடாது. ஒரு பட்டன் செல்லுக்கு இவ்வளவு கலாட்டாவா என்று முணுமுணுப்பு எழுந்தது. மாணவன் வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டு, பத்திரமாகத் திரும்பி வந்தான். சினிமா மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. நடக்காமல் இருப்பதற்குத்தான் அந்த வேலையே.

அவன் ஏன் அப்படிச் செய்தான் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பேட்டரி முழுசாகச் செத்துப்போனால் பிரச்சினை குறைவு. பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிட்டு, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடும். விமானிக்கும் அது தெரிந்துவிடும். ஆனால் பேட்டரி சாகப்போகும் நிலையில் வோல்டேஜ் ஏறி இறங்கும். நினைவகத்துக்கு ஒரு குறைந்தபட்ச வோல்டேஜ் வேண்டும். அதற்குக் கீழே போனால் சில பிட்டுகள் மட்டும் புரண்டுவிடலாம். 0 இருந்த இடத்தில் 1. அப்போது பெட்டிக்கு மறதி வருவதில்லை, தப்பான ஞாபகம் வருகிறது.

இதைக் கண்டுபிடிக்கவும் ஓர் ஏற்பாடு உண்டு. செக்சம் என்பார்கள். காமர்ஸ் பாஷையில் சொன்னால் டிரையல் பேலன்ஸ். பதித்த எண்களை எல்லாம் கூட்டி, கூட்டுத்தொகையைத் தனியாக எழுதி வைப்பது. ஆன் செய்யும்போது திரும்பக் கூட்டிப் பார்ப்பது. டேலி ஆகவில்லை என்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் டிரையல் பேலன்ஸ் காட்டிக்கொடுக்காத பிழைகள் என்று ஒரு பட்டியலே பாடத்தில் இருக்கிறது, ஞாபகம் இருக்கிறதா? ஒன்றையொன்று ஈடு செய்யும் பிழை, ஆரம்பப் பதிவிலேயே நடந்த பிழை... அவை இங்கேயும் உண்டு.

ஆரம்பப் பதிவுப் பிழைக்கு விமானத் துறையிலேயே ஒரு பிரபலமான உதாரணம் இருக்கிறது. 2015 மார்ச் 10. சிட்னியிலிருந்து கோலாலம்பூருக்குக் கிளம்ப வேண்டிய ஏர்ஏசியா எக்ஸ் விமானம். பெரிய ஏர்பஸ் ஏ330. புறப்படும் முன் விமானம் நிற்கும் இடத்தை விமானி கையால் உள்ளிட்டார். தீர்க்கரேகை 151 டிகிரி 9.8 நிமிடம் என்று இருக்க வேண்டும். விழுந்தது 15 டிகிரி 19.8 நிமிடம். எண்களைப் பாருங்கள், ஏறக்குறைய அதே எண்கள்தான், இடம் மாறிவிட்டன. சிட்னியில் நிற்கும் விமானம், தான் 11,000 கிலோமீட்டருக்கும் அப்பால் நிற்பதாக நம்பியது. கிளம்பிய பிறகு ஒவ்வொரு கருவியாகக் குழம்ப ஆரம்பித்தது. சிட்னிக்குத் திரும்பலாம் என்றால் வானிலை விடவில்லை. கடைசியில் மெல்போர்னில் இறங்கினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு விசாரித்து, 2016-ல் அறிக்கை கொடுத்தது.

இதில் பேட்டரிமேல் எந்தக் குற்றமும் இல்லை. ஆனாலும் ஒரு விஷயம் புரிகிறது. கருவியின் ஞாபகம் போனால் மனிதன் திரும்ப டைப் செய்ய வேண்டும். டைப் செய்யும் ஒவ்வொரு முறையும் இப்படி ஒரு எண் நழுவ வாய்ப்பு இருக்கிறது. பேட்டரி மாற்றிய பிறகு இடங்களைத் திரும்பப் பதிக்கும்போது, ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்பது இதனால்தான். அரைப் பக்கம் எண்தானே என்று ஒருவரே செய்து முடித்துவிட்டால், சரிபார்க்க ஆள் இல்லாத கணக்குப் புத்தகம் மாதிரிதான்.

அந்தப் பையன் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தான். பென்னி குவிக் பிறந்தநாளும் பொங்கலும் சேர்ந்து வரும் ஜனவரி 15. ஊரே லோயர் கேம்ப் பக்கம் போயிருந்த நேரத்தில், அவன் தன் தாய்மாமாவின் வாட்ச் ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருந்தான். பேச்சு பட்டன் செல்லில் வந்து நின்றது.

"ஏன்டா மாப்ளே, இதுக்குப் போயி பொட்டியக் கழட்டி வெளியூருக்கு அனுப்புவீகளா? இங்கிட்டுக் கொண்டாந்தா பத்து நிமிசத்துல மாத்திக் குடுத்துருவேன்ல?"

"மாத்தலாம் மாமா. ஆனா அந்தச் செல்லு எங்க செஞ்சது, எப்பச் செஞ்சது, யாரு வித்தா, யாரு சால்டர் வச்சான்னு பேப்பர் வேணும். பேப்பர் இல்லாத சாமான் விமானத்துல ஏறக்கூடாது."

"செல்லுக்கு ஜாதகம் கேக்குறிய!"

"ஜாதகமேதான். அதுவுமில்லாம, லித்தியம் செல்லுமேல நேரா சூடு வச்சா வெடிச்சாலும் வெடிக்கும். தகடு வச்ச செல்லுதான் போடணும்."

"சரி, மீட்டர வச்சுப் பாத்தீகளா? எம்புட்டு வோல்ட் காமிச்சுச்சு?"

"அங்கதான் மாமா ஏமாத்துது. கடைசி வரைக்கும் மூணு வோல்ட்டுக்குப் பக்கத்துலயே நிக்கும். அப்புறம் திடீர்னு விழுந்துரும். மீட்டரப் பாத்து முடிவெடுக்க முடியாது. தேதியப் பாத்துத்தான் மாத்தணும்."

மாமா ஒன்றும் சொல்லவில்லை. மேஜையில் இருந்த ஒரு பழைய வாட்ச்சின் பின்மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்பக்கத்தில் ஊசியால் கீறிய சின்னச் சின்ன எண்கள். எப்போதெல்லாம் செல் மாற்றப்பட்டதோ அந்தத் தேதிகள். ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று. "எங்க லாக் புக்கும் இதேதான் மாமா" என்றான் பையன்.

வாட்ச் கடைக்காரர்கள் பலர் இந்தப் பழக்கத்தை வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை யார் திறந்தாலும் இந்தச் செல் எத்தனை நாள் உழைத்தது என்று தெரிந்துவிடும். சீக்கிரம் தீர்ந்திருந்தால் கோளாறு செல்லில் இல்லை, மெஷினில் என்றும் தெரிந்துவிடும்.

அவன் சொன்ன இன்னொரு விஷயமும் சுவாரசியமானது. விமானம் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தச் செல்லுக்கு வேலை இல்லை, நினைவகத்துக்கு விமானத்தின் மின்சாரமே கிடைத்துவிடும். நிறுத்தி வைத்திருக்கும்போதுதான் செல் தீர்கிறது. ஆக அதிகம் பறக்கும் விமானத்தைவிட, வெயிலில் சும்மா நிற்கும் விமானத்துக்குத்தான் சீக்கிரம் மறதி வரும். 2020 மார்ச் 25 முதல் மே 25 வரை இந்தியாவில் உள்நாட்டுப் பயணிகள் விமானங்கள் ஓடவில்லை. அப்போது தரையில் நின்ற விமானங்களையும் சும்மா நிற்கிறது என்று விட்டுவிட முடியாது, அதற்கென்று தனிப் பராமரிப்பு அட்டவணை உண்டு.

தேதியை எழுதி வைக்காததால் என்ன ஆகும் என்பதற்கு, உலகத்துக்கே தெரிந்த ஓர் உதாரணம் எம்.எச். 370. 2014 மார்ச் 8 அன்று காணாமல் போன மலேசிய விமானம். விமானங்களின் கறுப்புப் பெட்டிகளில் தண்ணீருக்குள் ஒலி எழுப்பும் ஒரு சிறு கருவி இருக்கும். 37.5 கிலோ ஹெர்ட்ஸில், நொடிக்கு ஒருமுறை 'டிக்' என்று கூப்பிடும். அதற்கும் ஒரு பேட்டரிதான் உயிர். ஒரு வருஷம் கழித்து, 2015 மார்ச்சில் வெளியான விசாரணை அறிக்கையில் ஒரு தகவல் இருந்தது. விமானத் தரவுப் பெட்டியில் இருந்த அந்தக் கருவியின் பேட்டரி 2012 டிசம்பரிலேயே காலாவதியாகிவிட்டது. பராமரிப்புக் கம்ப்யூட்டரில் பழைய பதிவு சரியாகப் புதுப்பிக்கப்படாததால் யார் கண்ணிலும் படவில்லை.

காலாவதியான பேட்டரி வேலை செய்தே இருக்காது என்று சொல்ல முடியாது. வேலை செய்திருந்தாலும் அத்தனை பெரிய இந்தியப் பெருங்கடலில் அதைக் கேட்டிருப்பார்களா என்பதும் சந்தேகம்தான், அந்த ஒலி இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் கேட்பது கஷ்டம். ஆனாலும் 239 குடும்பங்களிடம் போய், அந்தக் கருவிக்குப் பேட்டரி மாற்ற வேண்டிய தேதி பதிவில் விட்டுப்போச்சு என்று யாரால் சொல்ல முடியும்? கணக்கு எழுதுவதைச் சின்ன வேலை என்று நினைப்பவர்கள் இந்த ஒரு வரியை யோசித்துப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டுக் கடலிலும் இப்படி ஒரு தேடல் நடந்தது. 2015 ஜூன் 8 இரவு. சென்னையிலிருந்து ரோந்து கிளம்பிய கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம், சி.ஜி. 791, திரும்பவில்லை. உள்ளே மூன்று பேர். வாரக்கணக்கில் தேடினார்கள். கடலுக்கு அடியிலிருந்து விட்டுவிட்டு வந்த அந்த 'டிக்' ஒலியைக் கடற்படையின் ஐ.என்.எஸ். சந்தயாக் கப்பல் பிடித்தது. அந்த வகைக் கருவியின் பேட்டரிக்கு அப்போதைய ஆயுள் 30 நாள். ஒரு மாதம் கழித்து, ஜூலையில், ஒலிம்பிக் கேன்யன் என்ற கப்பலின் உதவியோடு கடலூர்க் கடற்கரைக்கு அப்பால், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் விமானத்தின் சிதைவுகளையும் கறுப்புப் பெட்டியையும் கண்டெடுத்தார்கள்.

அடுத்த வருஷம், 2016 ஜூலை 22. தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் கிளம்பிய விமானப்படையின் ஏ.என். 32, 29 பேரோடு வங்கக் கடலில் மறைந்தது. பெரிய தேடல் நடந்தும் பலன் இல்லை. 2024 ஜனவரியில்தான் ஒரு தகவல் வந்தது. சென்னையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லாத் தேடல் கருவி, சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில், அந்த விமானத்தினுடையது என்று கருதப்படும் பாகங்களைப் படம் எடுத்திருந்தது. கண்டுபிடித்தது ஒலியைக் கேட்டு அல்ல, சோனார் படங்களின் மூலம். இடையில் ஏழரை வருஷம். அந்த 29 வீடுகளிலும் எத்தனை பொங்கல் போயிருக்கும்!

இந்த இரண்டு சம்பவத்துக்கும் காரணங்கள் வேறு, ஆழம் வேறு. நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனால் தேடுபவர்களுக்கு ஓர் ஒலி கிடைப்பதற்கும் கிடைக்காததற்கும் உள்ள வித்தியாசம் ஒரு மாதத்துக்கும் ஏழரை வருஷத்துக்கும் உள்ள வித்தியாசமாகிவிட முடியும் என்பது மட்டும் தெரிகிறது. 2009-ல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447-ஐக் கண்டுபிடிக்க இரண்டு வருஷம் ஆன பிறகு, இந்தக் கருவிகளின் ஆயுளை 30 நாளிலிருந்து 90 நாளாகக் கூட்ட வேண்டும் என்று உலக அளவில் விதி மாறியது. பேட்டரியைக் கொஞ்சம் பெரிதாக்குவது, அவ்வளவுதான் தீர்வு. அதற்கு 228 உயிர் போக வேண்டியிருந்தது.

அதே ஏர் பிரான்ஸ் விபத்தில் இன்னொரு பாடமும் உண்டு. இரண்டு வருஷம் கடலுக்கடியில் கிடந்த கறுப்புப் பெட்டியிலிருந்து தகவல்களை முழுசாகப் படிக்க முடிந்தது. மின்சாரம் இல்லாமலேயே மறக்காத ஃப்ளாஷ் வகை நினைவகம் அதில் இருந்தது. பென் டிரைவில் இருப்பதும் அதே வகைதான். இன்றைய புதிய விமானக் கருவிகளிலும் அதே வகைதான் பெரும்பாலும் வருகிறது. அப்படியானால் பட்டன் செல் கதை முடிந்துவிட்டதா?

முடியவில்லை. ஃப்ளாஷ் நினைவகத்தால் எழுதியதைக் காப்பாற்ற முடியும், நேரத்தை ஓட்ட முடியாது. கடிகாரம் ஓட வேண்டுமென்றால் தொடர்ந்து மின்சாரம் வேண்டும். நேரம் தப்பினால் ஜி.பி.எஸ். கணக்கும் தப்பும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஜி.பி.எஸ். முதலில் வடிவமைத்தபோது வாரங்களை எண்ண 10 பிட் மட்டும் ஒதுக்கினார்கள். அதனால் 1024 வாரத்துக்கு ஒருமுறை எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். 1980 ஜனவரி 6-ல் ஆரம்பித்தது 1999 ஆகஸ்டில் ஒருமுறை, 2019 ஏப்ரலில் ஒருமுறை திரும்பியது. அடுத்தது 2038 நவம்பரில். வானத்திலிருந்து வரும் எண்ணை வைத்து மட்டும் இது எந்தச் சுற்று என்று சொல்ல முடியாது. சில பழைய கருவிகள் தங்கள் நினைவகத்தில் இருக்கும் தேதியைப் பார்த்துத்தான் சுற்றைத் தெரிந்துகொள்கின்றன. பேட்டரி போனால் அந்தத் தேதியும் போய்விடும். பெட்டி சந்தோஷமாகக் கிட்டத்தட்ட இருபது வருஷம் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும் :)

இந்தியாவில் ஜி.பி.எஸ். துல்லியத்தைக் கூட்ட இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து ககன் என்ற அமைப்பைச் செய்திருக்கின்றன. 2022 ஏப்ரலில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானம் ராஜஸ்தானின் கிஷன்கருக்கு ககன் வழிகாட்டலில் இறங்கிக் காட்டியது. பெரிய கருவிகள் இல்லாத சின்ன விமான நிலையங்களுக்கு இது வரப்பிரசாதம். செயற்கைக்கோளுக்கும் தரை நிலையங்களுக்கும் கோடிகளில் செலவு. ஆனால் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி காக்பிட்டில் இருக்கும் பெட்டிதான். அதற்குள் இன்னும் எங்கோ ஒரு சின்னச் செல் உட்கார்ந்திருக்கலாம்.

அதைச் சமாளிக்கும் வழி ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. எச்சரிக்கை வந்தால் முதலில் பதித்து வைத்த எண்களைத் தாளில் எழுதிக்கொள்வது. பெட்டியை ஆஃப் செய்து ஸ்டிக்கர் ஒட்டி, லாக் புக்கில் எழுதுவது. அங்கீகாரம் பெற்ற இடத்தில், சான்றிதழ் உள்ள செல்லைப் போட்டு வாங்குவது. திரும்ப மாட்டியதும் விமானத்தைத் திறந்தவெளியில் நிறுத்தி, பஞ்சாங்கம் முழுசாக இறங்கும்வரை அவசரப்படாமல் காத்திருப்பது. இரண்டு பேராக எண்களைச் சரிபார்ப்பது. கடைசியாக, அடுத்து மாற்ற வேண்டிய தேதியை எழுதி வைப்பது. இதில் பணம் செலவாகும் வேலையைவிடப் பொறுமை செலவாகும் வேலைதான் அதிகம்.

விமானம் வேண்டாம், கூடலூரில் ஒரு திராட்சை மண்டியின் பில் போடும் கம்ப்யூட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். தேதி ஒரு வருஷம் பின்னால் போய் நாலு பில் அடித்துவிட்டால், ஜி.எஸ்.டி. கணக்கைச் சரிசெய்ய ஆடிட்டரிடம் எத்தனை நடை! உள்ளே இருக்கும் செல் எப்போது போட்டது என்று எத்தனை கடைக்காரர்களுக்குத் தெரியும்? மாமா மாதிரி ஊசியால் கீற வேண்டாம், கேபினெட்டின் மேல் ஒரு ஸ்டிக்கரில் தேதி எழுதி ஒட்டினால் போதும். ஸ்டாக் ரிஜிஸ்டரில் விலைக்கு ஒரு பத்தி இருக்கிறது, எண்ணிக்கைக்கு ஒரு பத்தி இருக்கிறது. காலாவதித் தேதிக்கும் ஒரு பத்தி போட்டால் குறைந்துபோக மாட்டோம்.

அடுத்த செமஸ்டரில் ஏ.பி.சி.க்கும் வி.இ.டி.க்கும் வித்தியாசம் கேட்டால் பட்டன் செல்லை உதாரணமாக எழுதிப் பாருங்கள். மார்க் விழுமா என்பது திருத்துகிறவரின் மனநிலையைப் பொறுத்தது. பதில் மட்டும் சரி.